நீலம் ஏறவில்லையா? தொட்டியைப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஐந்து பேர் ஒரு வாளியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வாளியில் பத்து லிட்டர் அவுரிச் செடி நீலச் சாயம். நூலை முக்கி எடுத்தால் சாம்பல் பூத்த மாதிரி ஒரு அழுக்கு நிறம்தான் வந்தது. ராயக்கோட்டை அக்கா "வெல்லம் பத்தலை" என்று ஒரு கைப்பிடி போட்டார். ஓசூர்த் தம்பி "இல்லக்கா, சுண்ணாம்புதான் கம்மி" என்று இரண்டு கரண்டி போட்டான். பென்னாகரத்திலிருந்து வந்த தோழி ஒரு சொம்பு கொதிதண்ணீர் ஊற்றினாள். நான் என் பங்குக்குத் துடுப்பை எடுத்து நன்றாகக் கலக்கிவிட்டேன். ஐந்தாவது ஆள், பாலக்கோட்டு அத்தை, எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வாளியில் இருந்தது கழுநீர். எது குறைந்திருந்தது, எதைப் போட்டுக் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நாலு வைத்தியர்கள் ஒரே நேரத்தில் நாலு மருந்து கொடுத்தால் நோயாளி எதனால் போனான் என்று எப்படித் தெரியும்?

அன்றைக்கு அத்தை போட்ட சட்டம் இன்றுவரை நடக்கிறது: ஒரு நேரத்தில் ஒரு மருந்து. போட்டால் ஒரு மணி நேரம் வாளியை மூடிவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டது. எதையும் போடுவதற்கு முன் தொட்டியை, அதாவது சாயம் கரைத்து வைத்த வாளியைப் பாருங்கள்.

நல்ல தொட்டி எப்படி இருக்கும்

நீலம் தண்ணீரில் கரையாது. மற்றச் சாயங்களுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். அதில் உள்ள ஆக்சிஜனின் பிடியைத் தளர்த்தி, காரத் தண்ணீரில் வைத்தால்தான் அது கரைந்து நூலுக்குள் போகும். அப்படிக் கரைந்த நிலையில் அதன் நிறம் நீலம் இல்லை, பச்சை கலந்த மஞ்சள். நூலை வெளியே எடுத்துக் காற்று பட்டதும் மறுபடி நீலமாகி, உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஆகவே தொட்டிக்கு வேண்டியது மூன்று: ஆக்சிஜனை இழுக்க ஒரு சர்க்கரை, கரைத்து வைத்திருக்க ஒரு காரம், இரண்டும் வேலை செய்ய ஒரு சூடு. நூற்றுக்குத் தொண்ணூறு கோளாறு இந்த மூன்றுக்குள்தான் இருக்கும். மிச்சம் நூலில் இருக்கும்.

எங்கள் அளவு இது: பத்து லிட்டருக்கு அரைத்த நீலக்கட்டி 50 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 100 கிராம், ஃபிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை 150 கிராம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் 50 முதல் 60 டிகிரி சூட்டில் தொடங்கி, மெதுவாகக் கிண்டி, மூடி வைப்போம்.

தொட்டி தயாரானால் மேலே செம்புத் தகடு மாதிரி ஒரு ஏடு படரும், நடுவில் நீல நுரை பூவாகக் கூடும். ஏட்டை விலக்கி ஒரு எவர்சில்வர் கரண்டியில் மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர் தெளிவாக, தேன் நிறத்திலோ பச்சை மஞ்சளாகவோ இருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து நீலமாக வேண்டும். இதை நாங்கள் "தொட்டி முழிச்சுக்கிச்சு" என்போம். முழிக்காத தொட்டியில் நூலை முக்கவே முக்காதீர்கள்.

கரண்டித் தண்ணீர் மொண்டபோதே நீலம்

இதுதான் அடிக்கடி வரும் புகார். மேலே ஏடு இல்லை, உள்ளே நீலம், நூலில் ஊதா அழுக்கு. சர்க்கரை இன்னும் தன் வேலையைத் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

முதலில் சூட்டைப் பாருங்கள். தர்மபுரியில் சித்திரை மாதம் வெயிலில் வைத்த வாளி தானாகவே வேலை செய்யும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி ராத்திரியில் வாசலில் வைத்த வாளி உறங்கிப்போகும். எங்கள் வாளிக்கு நடந்ததும் பாதி இதுதான். வாளியை அப்படியே ஒரு அண்டா வெந்நீரில் உட்கார வைத்து 50 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் சாக்கைச் சுற்றி, வைக்கோல் திணித்து வையுங்கள். பல சமயம் இதுவே போதும். அடுப்பில் நேராக வைக்காதீர்கள், அடியில் உள்ள வண்டல் அடிப்பிடிக்கும்.

சூடு சரியாக இருந்தும் நீலமாகவே இருந்தால், அடுத்த சந்தேகம் சர்க்கரை மேல். ஃபிரக்டோஸ் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. வெல்லம் போட்டவர்கள்தான் மாட்டுவார்கள். வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ், அது ஆக்சிஜனை இழுக்காது. அது உடைந்து வரும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான் இழுக்கும். அதனால்தான் 150 கிராம் வெல்லம் போட்டுவிட்டு "அளவு சரியாத்தானே போட்டேன்" என்று உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் பத்து லிட்டருக்கு 300 கிராம் வெல்லம் எடுத்து, ஒரு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க விடுவோம். புளியின் அமிலம் சுக்ரோஸை உடைத்துக் கொடுக்கும். அந்த அமிலம் கொஞ்சம் சுண்ணாம்பையும் தின்னும், அதனால் சுண்ணாம்பு அரைக் கரண்டி கூடுதலாகப் போடுவோம். பார்க்க அழகான மஞ்சள் வெல்லத்தைவிட, மழைக்காலத்தில் கசிந்து கறுத்துப்போன பழைய வெல்லம் இதற்கு மேல். அதைக் கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுப்பார், வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு மருந்துக் கடைக் குளுக்கோஸ் பொடியும் ஆகும், ஆரஞ்சு வாசனை போட்டது வேண்டாம்.

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழத்தை விட்டுப் பேசினால் சாமி குத்தம். வைகாசி, ஆனியில் பெங்களூரா பழுத்து அழுகும் நிலைக்கு வரும்போது தோலும் கொட்டைச் சதையுமாக ஒரு கிலோவைக் கொதிக்க வைத்து, துணியில் இரண்டு தரம் வடிகட்டிய தண்ணீரையே தொட்டிக்கு அடித்தண்ணீராக வைத்துக்கொள்ளலாம். கனிந்த வாழைப்பழத் தோலும் இதே வேலை செய்யும். சக்கை உள்ளே போகக் கூடாது. போனால் நூலில் ஒட்டி, அங்கங்கே வெள்ளைப் புள்ளி விழும்.

சூடும் சரி, சர்க்கரையும் சரி என்றால் சுண்ணாம்பைச் சோதியுங்கள். திறந்து வைத்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துச் சுண்ணக்கல்லாகிவிடும். வெள்ளையாகத்தான் இருக்கும், வேலை செய்யாது. ஒரு சிட்டிகை எடுத்து வினிகரில் போடுங்கள். பொங்கி நுரைத்தால் அது செத்த சுண்ணாம்பு. பேசாமல் கரைந்தால் உயிருள்ளது. சந்தேகம் வந்தால் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பை வாங்குங்கள், அது தண்ணீருக்குள் இருப்பதால் கெடாமல் இருக்கும். சுட்ட சுண்ணாம்புக் கல்லை மட்டும் நேராகத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தனியே நீற்றி, ஆறவைத்து, கையுறையோடு சேர்க்க வேண்டும்.

காரம் எவ்வளவு என்று காட்டும் பிஎச் தாள் இருந்தால் சண்டையே இல்லை. பருத்திக்கு 10-க்கும் 11-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. 9-க்கும் கீழே வந்துவிட்டால் கரைந்த நீலம் நிற்காது. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளே கொஞ்சம் சுண்ணாம்பைச் சாப்பிட்டுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அடியில் வழக்கத்தைவிட வண்டல் அதிகமானால் அதுதான் காரணம்.

இத்தனையும் பார்த்தும் நீலம் வரவில்லையா? பையில் இருப்பது நீலமே இல்லாமல் இருக்கலாம். பென்னாகரத்துத் தோழி முதல் தடவை நாட்டு மருந்துக் கடையில் "அவுரிப் பொடி" கேட்டு வாங்கி வந்தாள். அது தலைக்குப் போடும் இலைப் பொடி. பச்சையாக, வைக்கோல் வாசனையோடு இருக்கும். தலைமுடிக்கு அது சரி, தொட்டிக்கு உதவாது. தொட்டிக்கு வேண்டியது, இலையைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்கி, அடியில் தங்கிய நீலத்தைக் காயவைத்து எடுத்த கட்டி. துணி வெளுப்புக்குப் போடும் சொட்டு நீலத்தை யாராவது கொண்டு வந்தால் அன்போடு திருப்பி அனுப்புங்கள். நல்ல நீலக்கட்டி கையில் லேசாக இருக்கும், நகத்தால் தேய்த்தால் செம்பு மாதிரி மின்னும். களிமண் கலந்த கட்டி கனக்கும், தண்ணீரில் கல்லாக மூழ்கும். கட்டியை நறநறவென்று விடாமல், தண்ணீர் விட்டு மை மாதிரி அரையுங்கள். திப்பி திப்பியாக இருந்தால் உள்ளே இருக்கும் நீலத்தைச் சர்க்கரை தொடவே தொடாது.

பால் போலக் கலங்கல்

இதில் பயம் வேண்டாம். கலக்கிவிட்டு உடனே பார்த்திருப்பீர்கள், சுண்ணாம்பு இன்னும் மிதக்கிறது. ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். அவசரமாக முக்கினால் நூல் வெள்ளை பூத்துக் கரடுமுரடாக வரும். வாளியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் வலைக்கூடையைக் கவிழ்த்து வைத்தால் நூல் வண்டலைத் தொடாது. தெளியவே மாட்டேன் என்றால் சுண்ணாம்பு மிகையாகிவிட்டது. கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரை சேர்த்துச் சூடாக்கி, ராத்திரி முழுக்க விடுங்கள்.

நீலம் கையிலும் துணியிலும் ஒட்டுகிறது

புது நூலில் கொஞ்சம் நீலம் விரலில் வருவது இயல்பு. குரோஷே போட்டு முடித்தபின் சுண்டுவிரல் கிருஷ்ணர் நிறத்தில் இருந்தால் அது இயல்பில்லை. நீலம் நூலுக்குள் போகவில்லை, மேலே பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதில் தொட்டியின் தப்பைவிட நூலின் தப்பு அதிகம்.

பருத்தியில் இயற்கையாகவே மெழுகு உண்டு. கடையில் வாங்கும் சிட்டம் (நூல் கண்ணி) வெள்ளையாக இருப்பதால் சுத்தம் என்று நினைத்துவிடுகிறோம். 100 கிராம் நூலுக்கு 5 கிராம் சலவை சோடா, கொஞ்சம் சோப்பு. ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள், டீ நிறத்தில் இருக்கும். அந்த அழுக்கின் மேல்தான் நாம் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தோம். கஞ்சி போட்ட நெசவு நூல் என்றால் முந்தின ராத்திரி வெந்நீரில் ஊறவைத்து அலசிவிட்டு அப்புறம் சோடா. சுத்தமான சிட்டத்துக்கு ஒரு சோதனை உண்டு: தண்ணீரில் போட்டால் மிதக்காமல் உடனே நனைந்து இறங்க வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரித் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. தர்மபுரி என்றாலே ஃபுளோரைடு ஞாபகம் வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே பெரும்பாலும் அதற்காகத்தான். ஆனால் சாயத்துக்கு ஃபுளோரைடு இடைஞ்சல் இல்லை. இடைஞ்சல் கொடுப்பது கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும். அவை சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பாகி நூலில் படியும். கண்ணுக்குத் தெரியாது, சாயம் ஏறும்போதுதான் திட்டாகத் தெரியும். அதனால் நூல் வேகவைக்கவும் கடைசி அலசலுக்கும் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும்.

பட்டு நூலில் கதை வேறு. இந்தப் பக்கம் பட்டுக்கூடு கண்ணுக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, தர்மபுரியில் கூடு ஏல அங்காடியே இருக்கிறது. அதனால் கச்சாப் பட்டு வாங்கி நேராக முக்க ஆசை வரும். கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 25 சதவீதம் செரிசின் என்னும் பசை. நீலம் அந்தப் பசையில் அழகாக ஏறும், முதல் சோப்பு அலசலில் பசையோடு கிளம்பிவிடும். ஓசூர்த் தம்பி அப்படி ஏற்றிய மயில்கழுத்து நிறச் சிட்டம் ஒன்று, அலசியபின் வெறும் ஆகாய நீலமாகி நின்றது. பட்டின் எடைக்குக் கால் பங்கு நல்ல சோப்பு போட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஒரு மணி நேரம் வைத்துப் பசையை எடுத்துவிட்டு அப்புறம் தொட்டிக்குப் போங்கள்.

நூல் சுத்தமாக இருந்தும் நீலம் உதிர்ந்தால், ஒரே முக்கில் கரு நீலம் எடுக்கப் பார்த்திருப்பீர்கள், அல்லது முழிக்காத தொட்டியில் முக்கியிருப்பீர்கள். ஏற்கெனவே உதிரும் சிட்டத்துக்கு மருந்து, மறுபடி முக்குவது இல்லை. பருத்தி என்றால் சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து அலசுங்கள். ஒட்டாத நீலம் போய்விடும், ஒட்டியது இன்னும் பளிச்சென்று தெரியும். நிறம் குறைந்துவிட்டதே என்று வருந்த வேண்டாம், அது உங்களுடையதே இல்லை.

படிக்காரம் போட்டால் பிடிக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிவப்புச் சாயம் தரும் மஞ்சட்டிக்கும் மற்றப் பல சாயங்களுக்கும் படிக்காரம் வேண்டும். நீலத்துக்கு வேண்டாம். உப்பும் வேண்டாம்.

திட்டுத் திட்டாக ஏறுகிறது

சிட்டத்தைக் கட்டிய கயிறு இறுக்கமாக இருந்தால் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். எட்டு போட்ட மாதிரி தளர்வாக நாலு இடத்தில் கட்டுங்கள், விரல் நுழைய வேண்டும். உலர்ந்த நூலை முக்கினாலும் திட்டு விழும், உள்ளே காற்று இருக்கும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, ஓரத்தில் சறுக்கியபடி மெதுவாக இறக்குங்கள். உள்ளேயே கையால் பிரித்துவிடலாம், வெளியே தூக்கித் தூக்கி முக்கக் கூடாது. ஒவ்வொரு தூக்கலிலும் தொட்டிக்குள் காற்றை ஊட்டுகிறீர்கள். எடுக்கும்போது மேலே மிதக்கும் நுரைப் பூவை ஒரு கிண்ணத்தில் ஒதுக்கிவிட்டு, சிட்டத்தைத் தண்ணீருக்கு மேலேயே பிழிந்து வெளியே கொண்டு வாருங்கள். சொட்டுச் சொட்டாக விழவிட்டால் அதுவும் காற்றைக் கொண்டு போகும்.

திட்டு விழுந்த நூலைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு முக்கு கூடப் போட்டால் பாதி சமனாகும். மிச்சத்தைப் பின்னலில் ஒளித்துவிடலாம். ராயக்கோட்டை அக்கா திட்டு நூலை வேண்டுமென்றே எடுத்துப் போகிறார், சால்வையில் மேகம் மாதிரி வருகிறதாம்.

எத்தனை முக்கினாலும் வெளிர் நீலத்தைத் தாண்டவில்லை

இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். நிறம் வரவில்லை என்றதும் நூலை அரை மணி, ஒரு மணி என்று ஊறப்போடுகிறோம். நல்ல பலமுள்ள தொட்டியில் அப்படி ஊறவிட்டால், ஏற்கெனவே நூலில் ஏறிய நீலமும் மறுபடி கரைந்து தொட்டிக்கே திரும்பிவிடும். சாயம் ஏற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு சாயம் இறக்கிக்கொண்டிருப்போம். பருத்திக்கு ஐந்து நிமிட முக்கு, இருபது நிமிடக் காற்று. முழுதாக நீலமாகி, பச்சை சாயல் போன பிறகுதான் அடுத்த முக்கு. ஆறு சின்ன முக்கு தருவதை ஒரு நீண்ட முக்கு தராது.

முக்குக்கு நடுவே ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரில் அலசி எடுத்தால் சீராகக் காற்று ஏறும், மேலே தங்கியதும் போய்விடும். நாங்கள் இதை மூன்றாவது முக்குக்குப் பிறகு செய்வோம். எல்லா முக்குக்கும் செய்யலாம், நேரம்தான் போகும்.

இத்தனைக்கும் பிறகும் வெளிர் நிறம்தான் என்றால் தொட்டி தீர்ந்துபோயிருக்கலாம், அல்லது தூங்கிப்போயிருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். தண்ணீர் மஞ்சளாகத் தெளிந்து, மேலே ஏடு சன்னமாக இருந்தால் நீலம் தீர்ந்துவிட்டது. இனி எவ்வளவு வெல்லம் போட்டாலும் வராது. புதிதாக அரைத்த நீலத்தைச் சேருங்கள், அதனோடு அதே ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர் நீலமாகத் திரும்பியிருந்தால் நீலம் இருக்கிறது, தொட்டி தூங்குகிறது. அதற்குச் சூடும் சர்க்கரையும் போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நீலக்கட்டியை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருத்தி.

ஒரு நாளைக்கு ஒரு தொட்டியில் எவ்வளவு நூல் என்பதிலும் பேராசை வேண்டாம். பத்து லிட்டரில் நாங்கள் அரைக் கிலோவுக்கு மேல் போவதில்லை. கரு நீலம் வேண்டிய சிட்டத்தை முதலில் முக்கி, வெளிர் நீலத்தைக் கடைசிக்கு விட்டுவிடுவோம். தீர்ந்துவரும் தொட்டி தரும் ஆகாய நீலத்தைப் புதுத் தொட்டியில் எடுக்க முடியாது.

பச்சையாகவோ சாம்பலாகவோ நிற்கிறது

வெளியே எடுத்து அரை மணி ஆகியும் பச்சையா? நடுவில் மடிந்த இடங்களில் காற்று படவில்லை. பிரித்துத் தொங்கவிடுங்கள். எல்லா இடத்திலும் சீராகப் பச்சை என்றால், நூலுக்கு முன்னாலேயே கடுக்காய் போட்டிருந்தீர்களா என்று யோசியுங்கள். கடுக்காயின் மஞ்சள் மேல் நீலம் ஏறினால் பச்சை கலந்துதான் வரும். அது கோளாறு இல்லை. அதை வேண்டும் என்றே செய்கிறவர்களும் உண்டு.

வெள்ளை பூத்து மங்கலாக இருந்தால் சுண்ணாம்பு நூலில் தங்கியிருக்கிறது. ஒரு நாள் காயவிட்டு அலசி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். புளித்தண்ணீரும் செய்யும், கரு நீலத்துக்கு மட்டும். வெளிர் நீலத்தில் புளியின் பழுப்பு தெரிந்துவிடும், அதில் பட்டுத்தான் கற்றேன். காரம் தங்கிய நூல் நாளடைவில் மொரமொரப்பாகும், அதனால் இந்த அலசலைத் தவிர்க்காதீர்கள்.

பட்டும் கம்பளியும்

இவை இரண்டுக்கும் காரம் எதிரி. பட்டு மினுமினுப்பை இழந்து காகிதம் மாதிரி ஆகும், கம்பளி சொரசொரத்துப் போகும். தொட்டியை நன்றாகத் தெளியவிட்டு, பிஎச் 9-க்கும் 10-க்கும் நடுவே வந்த பழைய தொட்டியில், வெதுவெதுப்பான சூட்டில், இரண்டு மூன்று நிமிடம் மட்டும் முக்குங்கள். எடுத்த உடனே அலசி, வினிகர். கம்பளியைச் சூட்டிலிருந்து குளிர்ந்த தண்ணீருக்கு ஒரேயடியாக மாற்றிக் கசக்கினால் சிக்கிக் கட்டியாகிவிடும்.

நாட்டு ஆட்டு ரோமத்தில் பிசுக்கு அதிகம், இளஞ்சூட்டில் சோப்பு போட்டு இரண்டு தரம் அலசாமல் எதுவும் ஏறாது. கறுப்பு ரோமத்தை நீலத்தில் முக்கிவிட்டு "ஏறவே இல்லைங்க" என்று சொன்ன நண்பரை இன்னும் விடாமல் கிண்டல் செய்கிறோம். ஏறியிருக்கும், பாவம், தெரியத்தான் இல்லை.

தகரைத் தொட்டி நாறுகிறது

தகரைச் செடியின் விதையை வேகவைத்து, நீலமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளிக்கவைக்கும் பழைய முறையை எங்களில் அத்தை மட்டும்தான் வைத்திருக்கிறார். அதில் சர்க்கரையின் வேலையை நுண்ணுயிர்கள் செய்கின்றன. உயிர் என்றால் பசிக்கும், வெயிலும் குளிரும் படும். நல்ல நிலையில் ஒரு கனத்த, புளித்த வாடை இருக்கும், போகப் போகப் பழகிவிடும். பிண வாடை அடித்தால் அமிலம் கூடிவிட்டது. சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரை அரை டம்ளர் ஊற்றி, அரை நாள் விட்டு, பிஎச் பார்த்து, மறுபடி அரை டம்ளர். ஒரேயடியாகக் கொட்டினால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். வாடையே இல்லாமல், ஏடும் இல்லாமல் அடங்கிக் கிடந்தால் பட்டினி. ஒரு கைப்பிடி தகரை விதை வேகவைத்த கஞ்சியோ கொஞ்சம் தவிடோ கொடுங்கள். அத்தை பானையை மண்ணில் கழுத்தளவு புதைத்திருக்கிறார், குளிர்காலத்தில் சுற்றிலும் எருவைக் குவிப்பார். இந்தத் தொட்டியைத் தொடங்கிவிட்டுப் பதினைந்து நாள் ஊருக்குப் போக நினைப்பவர்கள் தொடங்காமல் இருப்பதே மேல்.

ஹைட்ரோ போட்டவர்களுக்கு

சர்க்கரைக்குப் பதிலாக ஹைட்ரோ, அதாவது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் போட்ட தொட்டி அரை மணியில் தயாராகும், கோளாறும் குறைவு. மூக்கை அரிக்கும் வாடை கூடினால் மிகையாகப் போட்டிருக்கிறீர்கள். நூலில் நிறம் ஏறாமல் போவதற்கும் அதுவே காரணம். பொடி டப்பாவில் ஈரக் கரண்டி பட்டால் சூடேறித் தீப்பிடிக்கும். கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். எந்தத் தொட்டிக்கும் அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காரம் அதை அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளியோ எவர்சில்வர் அண்டாவோ போதும்.

அந்த மார்கழி வாளி

கழுநீர் வாளியைத் தென்னைமரத்தடியில் கொட்டச் சொன்னார் ராயக்கோட்டை அக்கா. எனக்கு மனசு வரவில்லை. நீலக்கட்டி விலை அப்படி. மூடிபோட்டு மொட்டைமாடியில் விட்டுவிட்டேன். பொங்கலுக்குப் பின் ஒரு நாள் திறந்தால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் கெட்டி வண்டல். பிஎச் 9. மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று என்று எடுத்துக்கொண்டு, வாளியை வெந்நீர் அண்டாவில் உட்காரவைத்துச் சூட்டை 50-க்குக் கொண்டுவந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், அசைவில்லை. அடுத்து இரண்டு கரண்டி நல்ல சுண்ணாம்பு. சாக்கைச் சுற்றி மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

விடியற்காலை ஆறு மணிக்கு மூடியைத் திறந்தால் செம்பு நிறத்தில் ஒரு ஏடு. சர்க்கரை ஏற்கெனவே போதுமான அளவு உள்ளே இருந்திருக்கிறது. அக்கா போட்ட கைப்பிடி வெல்லத்தையும் சேர்த்துத்தான். ஓசூர்த் தம்பி சொன்னதும் பாதி சரி. அவன் அன்று போட்டது என் அலமாரியில் இரண்டு வருஷமாகத் திறந்து கிடந்த பொட்டலத்துச் சுண்ணாம்பு. வினிகரில் போட்டுப் பார்த்தேன், நன்றாகப் பொங்கியது. அந்த வாளியில் நாலு சிட்டம் முக்கினோம். இரண்டு கரு நீலம், ஒன்று நடுத்தரம், கடைசியாக முக்கியது வெளுத்த வானம். அதை அத்தை கேட்டு வாங்கிப் போனார்.